கொலம்பஸிலிருந்து விழுந்த போன்

டவுன்ஷிப்பில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஊஞ்சலாடும் கப்பலான கொலம்பஸின் தடுப்புக்கு வெளியே நானும் கணவரும் நின்றோம். சுரங்கத்தில் அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த கான்ட்ராக்டில் யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்பது அவருடைய சூப்பர்வைசர் கையில் இருந்தது. அந்த சூப்பர்வைசர்தான் கப்பலில் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“சார், போனைப் பாக்கெட்ல வெச்சிக்கங்க” என்றார் ஆபரேட்டர்.

“கையோட கட்டியிருக்கேன்யா. ஆள் விழுந்தாலும் போன் விழாது.”

அவர் கட்டியிருந்தது சுரங்க அடையாள அட்டையின் கயிறு. கன்வேயர் பெல்ட்டில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது என்பதற்காக, வேகமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும்படி செய்த கயிறு. கப்பல் உச்சிக்குப் போனதும் அது கழன்றது. போன் என் புருவத்தில் வந்து விழுந்தது.

கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கணவர் பதறிக் குனிந்தார்; போனை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

கப்பல் நின்றதும் சூப்பர்வைசர் இறங்கி ஓடிவந்தார். “ஒண்ணும் ஆவல சார், நல்லா இருக்குது. இவதான் பராக்கு பாத்துகினு நின்னுட்டா” என்று கணவர் போனை நீட்டினார்.

சூப்பர்வைசர் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். வானம் சுழன்றது. பிறகு, வாய் பிளந்த என் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“பாருய்யா, உன் சம்சாரம் வாயாலயே கேட்ச் பிடிக்கப் பாத்திருக்கு!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டு நானும் சிரித்தேன்.

அவருடைய வேலை நிற்கவில்லை. அன்று ஏன் சிரித்தீர்கள் என்று அவரிடம் நான் இதுவரை கேட்டதில்லை. என்னையும் அவர் கேட்டதில்லை.