கேசட்டில் இறங்கிய மூட்டம்

எங்கள் ஊரில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டாக ஏற்காட்டுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம். தேதி போடாமல் எதையும் எழுத எனக்கு மனம் வராது. இருந்தாலும் இதற்குத் தேதி என்னிடம் இல்லை. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது, நான் கணக்கெழுதும் ரைட்டர் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம்தான் டவுனுக்கு வர முடிந்தது என்பது வரை நிச்சயம். படம் எடுத்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்குச் சாட்சி படத்திலேயே இருக்கிறது: ஏரிக்கரைச் சாலையில் அப்போது கம்பித் தடுப்பு இல்லை, சாலையோரத்துச் சில்வர் ஓக் மரங்கள் ஆள் உயரத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் வளர்ந்திருக்கின்றன.

இன்னொரு சாட்சி ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி கடை வைத்திருந்த அக்கா. படக் கம்பெனி எங்கள் எஸ்டேட் லாரியை ஒரு காட்சிக்காக வாடகைக்கு எடுத்தது. லாரி ஓட்டியவர் அக்காவின் கணவர். கதாநாயகி லாரியிலிருந்து இறங்கி நடந்துபோவாள். டிரைவராகவே அவர் லாரிப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். படம் வெளிவருவதற்குள் அவர் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அக்காவுக்கு மூன்று மாதம். பிறந்த மகள் வளர்ந்து, தையல் கற்றுக்கொண்டு, வருகிற வைகாசியில் கல்யாணத்துக்கு நின்றாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. அவருக்குப் போட்டோ என்று ஒன்று கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெற்றவர் இல்லாத பெண், தாலி கட்டும் முன் அவர் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மணவறைக்குப் போவாள். அந்தப் படத்துக்குத்தான் கேசட்டை நம்பியிருந்தார்கள் தாயும் மகளும்.

வீடியோ கடைக்காரர் சேலத்திலிருந்து வந்து குடியேறியவர். கேசட்டைத் தேடிப் பிடித்தவரும் அவர்தான். கடையின் பின்னறையில் டிவியை வைத்து, ஏரிக்கரைக் கடைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். படம் ஓட ஆரம்பித்ததும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. சாலை வெள்ளையாக இருந்தது, ஏரி வெள்ளையாக இருந்தது, மரங்களுக்கு மேல் பாதி கிடையாது. கதாநாயகியின் முகத்தில் கண்ணும் மூக்குத்தியும் மட்டும் மிதந்தன.

"பாருங்க, நம்மூரு மூட்டத்த. அப்பவே என்ன போடு போட்டிருக்குது" என்றார் பழக்கடைக்காரர்.

"இந்த மூட்டத்துல படம் புடிச்சிருக்கான் பாருங்க, அவன் கேமராக்காரன்" என்றேன் நான். மறுநாள் எஸ்டேட்டிலும் போய் அதையே சொன்னேன்.

இந்தக் கேசட்டையே கீழே சேலத்தில் யாராவது வாடகைக்கு எடுத்திருந்தால், பிரிண்ட் சரியில்லை என்று அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டுச் சண்டை பிடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வருடத்தில் பாதி நாள் வாசலைத் திறந்தால் இதைத்தானே பார்க்கிறோம்.

லாரி வந்தது. அதன் பக்கத்தில் மாவு பூசியதுபோல ஓர் ஆள் நின்றார். வீடியோ கடைக்காரர் படத்தை நிறுத்திப் பிடித்தார். கோடுகள் குறுக்கே நடுங்கின. மகள் டிவிக்கு அருகில் போய் நின்றாள். இதற்காகவே வரவழைத்திருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் ஜன்னலுக்குப் போர்வை போட்டு மூடிவிட்டு டிவித் திரையைப் போட்டோ எடுத்தார். ஒரு வாரத்தில் அது பெரிதாக்கிய படமாக, மரச்சட்டத்துக்குள் வந்தது. குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேலே முகம் என்று நினைத்துக்கொள்ளலாம்படி ஒரு வெளிச்சம்.

அக்கா முதலில் கேசட்டைப் பார்த்திருக்கவில்லை. அடுப்பை விட்டு வர முடியவில்லை என்றார். சட்டம் போட்ட படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"ஏனக்கா, உங்க ஊட்டுக்காரரையே அடையாளம் தெரியலீங்களா?" என்றார் வீடியோ கடைக்காரர்.

"இது அவரில்லீங்க. கம்பெனி ஆளு யாரோ நிக்கறான். அவரு வண்டி மூஞ்சிப் பக்கம் நின்னாரு. நான் சோறு கொண்டுட்டுப் போனவ, எனக்குத் தெரியாதுங்களா?"

"மூட்டத்துல தெரியலக்கா."

"எங்கீங்க மூட்டம்? அன்னைக்கு நொம்ப வெயில். வெயிலு மூஞ்சிக்கு ஆகலைன்னு மூங்கில்ல வெள்ளத்துணி கட்டி அந்தப் பொண்ணுக்கு நெழலு புடிச்சாங்க. அந்தத் துணியத்தான் நான் பாத்துட்டே நின்னேன்."

மகள் அழுதுவிட்டாள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு இது போதாதா, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். அக்கா சட்டத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணு, யாரோ ஒருத்தனுக்கு மால போட்டுட்டா போவ? படமில்லீன்னா வெளக்கக் கும்புட்டுட்டுப் போ. அது பொய் சொல்லாது."

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். சான்று இல்லாததை எழுதாதே என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வீடியோ கடைக்காரருக்குத் தன் கேசட்டைக் குறை சொன்னதில் ரோஷம் வந்துவிட்டது. அது நல்ல ரோஷம். விசாரித்ததில், யாரோ படத்தைச் சுவரில் ஓட்டி, எதிரே வீடியோ கேமராவை வைத்துப் பிடித்த கேசட் அது என்று தெரிந்தது. வெளுப்பும் அதனால், ஓரங்கள் போனதும் அதனால். மாசி மாதம் அவர் வேறொரு கேசட் கொண்டுவந்தார். அட்டையெல்லாம் அச்சடித்தது. அதில் மூட்டம் பாதி விலகியிருந்தது. மரங்களுக்குத் தலை முளைத்தது. ஆனால் அடியில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. சாலையில் நடந்த கதாநாயகிக்குப் பாதமே இல்லை. பக்க ஓரங்கள் இதிலும் டிவிக்குள் வராமல் வெட்டுப்பட்டிருந்தன. இந்த முறை அக்காவும் வந்திருந்தார். லாரி வந்ததும் எழுந்து போய், டிவியின் கண்ணாடியைத் தாண்டி அதன் மரப்பெட்டி மேல் விரலை வைத்தார்.

"அவரு இங்க நிக்கறாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. வீடியோ கடைக்காரர்கூட அந்த மரப்பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பங்குனியில் அவரே ஓடிவந்து சொன்னார்: சேலத்தில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு அந்தப் படம் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஓடாத படம். அதனால் பெட்டிக்குள்ளேயே கிடந்து பிரிண்ட் தேயாமல் இருக்கிறதாம்.

"ஓடாத படத்துலயும் ஒரு நல்லது இருக்குது பாருங்க ரைட்டரே."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினோம்: தாய், மகள், வீடியோ கடைக்காரர், கேமரா பையோடு ஸ்டூடியோக்காரர், நான். மேலே வளைவுகளில் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. அடிவாரத்தில் வெயில் அடித்தது.

தியேட்டரில் நாற்காலிகள் முக்கால்வாசி காலி. திரையில் ஏரிக்கரைச் சாலை வந்தபோது எனக்கு முதலில் ஊர் அடையாளம் தெரியவில்லை. மூட்டம் துளியும் இல்லை. சில்வர் ஓக் இலைகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெள்ளியாகவும் ஒரு பக்கம் கறுப்பாகவும் காற்றில் புரண்டன. சாலையில் மர நிழல்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. ஏரித்தண்ணீரின் சிறு மடிப்புகள் தெரிந்தன. கதாநாயகியின் முகத்தில் வெயில் கடுமையாக விழாமல் மெத்தென்று இறங்கியிருந்தது. அக்கா சொன்ன அந்த வெள்ளைத் துணியின் வேலை. மூட்டத்தில் படம் பிடித்தான் என்று நான் யாரைப் புகழ்ந்தேனோ, அந்தக் கேமராக்காரர் அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்திருந்தார். எங்கள் ஊர் வெயிலை எடுத்திருந்தார். அது எங்களுக்கே அடிக்கடி கிடைக்காத பொருள்.

லாரி வந்தது. அதன் முன்பக்கத்தில், திரையின் ஓரத்தில், மட்கார்டு மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாதது தெரிந்தது. அவர் கதாநாயகியைப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே, இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"என்னயப் பாத்துத்தான் சிரிக்கறாரு. சோத்துப்போசி எங் கையில இருந்துச்சு" என்றார் அக்கா, மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மகள் காட்சி மாறிய பிறகும் திரையின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் ஆபரேட்டர் அறைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் ஆபரேட்டர் சொன்னார்: "வெட்டித் தரமாட்டனுங்க. என் பிரிண்டு இல்லீங்க இது. வேணும்னா விரிச்சு வெக்கறேன், போட்டோ எடுத்துக்கங்க."

ரீலைச் சுற்றி அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, பால் கண்ணாடிக்கு அடியில் பல்பைப் போட்டு, மேலே பிலிமை வைத்தார். ஒரே மனிதர் கட்டைவிரல் நகம் அளவுக் கட்டங்களில் வரிசையாக நின்றார். ஸ்டூடியோக்காரர் தன் பூதக்கண்ணாடியை அக்காவிடம் கொடுத்தார். எந்தக் கட்டம் என்று முடிவு செய்ய வேறு யாருக்கும் உரிமை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இதுல கண்ண மூடியிருக்காரு. வேண்டாம். இதுல சிரிக்க ஆரம்பிக்கல." பிலிமைத் தொடாமல் விரலை மேலேயே நகர்த்திக்கொண்டு போனார். "இது அந்தப் பொண்ண ஓரக்கண்ணுல பாக்கற மாதிரி இருக்குது. இது வேண்டவே வேண்டாம்."

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள்; அன்றைக்கு முதல் தடவை.

"இதுங்க" என்றார் அக்கா. கண்ணாடியை மகளிடம் கொடுத்தார். "பாரு கண்ணு. உங்கப்பன்."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் காதும் அப்படித்தான் கொஞ்சம் வெளியே விரிந்திருந்தது.

வைகாசியில் கல்யாணம். மணவறைக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் அந்தப் படம் இருந்தது. அதே மரச்சட்டம், உள்ளே இருந்தவர் மட்டும் வேறு. அவருக்குப் பின்னால் இலைகள், தண்ணீர், நிழல்கள், எல்லாம் துலக்கமாக இருந்தன. மகள் மாலை போட்டுக் கும்பிட்டாள். மண்டபத்துக்கு வெளியே காலையிலிருந்தே மூட்டம் இறங்கி, வாசலில் நின்ற பஸ்கூடத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரோடு சேலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"ஏனுங்க, இது ஏற்காடுதானுங்களா? மூட்டத்தையே காணோமே."

"ஏற்காடுதானுங்க" என்றார் அக்கா. "அன்னைக்கு நொம்ப வெயிலு."