வாடகை வாள்

வெர்சாய் அரண்மனை வாசலில் இருந்தது பர்னபேயின் கடை. இடுப்பில் வாளும் கையில் தொப்பியும் இருந்தால் எந்த ஆண்பிள்ளையும் உள்ளே போய், ராஜா சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கலாம். இல்லாவிட்டால் காவலர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள். அந்த இரண்டையும் வாடகைக்கு விட்டுத்தான் பர்னபே பிழைத்தான். தையற்காரனும் கசாப்புக்காரனும் அவன் கடையில் நுழைந்தால் பிரபுவாகத்தான் வெளியே வருவார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ஆம் வருஷம், அக்டோபர் மழையில், ரொட்டி கேட்டுப் பாரிஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கிலெத் என்ற மீன்காரி நேரே கடைக்குள் புகுந்தாள்.

"யோவ், வாளையெல்லாம் எடு!"

பர்னபே வாள்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். பிழைப்பே அந்த வாள்கள்தான். அவற்றின் லட்சணமோ அவனுக்கு மட்டுமே தெரியும்.

"வேணாம் தாயி, அது வந்து..."

அவள் கேட்டால்தானே! ஒன்றைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. இன்னும் இரண்டு பேர் உறையைப் பிடித்துக்கொள்ள, மூச்சைப் பிடித்து இழுத்தாள். பிடி மட்டும் கையோடு வந்தது. மூவரும் வாசல் சேற்றில் போய் விழுந்தார்கள்.

"என்னய்யா, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"அரண்மனைக்குள்ள யாரும் உருவ மாட்டாங்க தாயி. இரும்பு விக்கிற விலையில..."

செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான். கிலெத்துக்கோ சிரிப்பு பீறிட்டது.

"அடிப் பாவிங்களா! இதுக்காடி இத்தன நாளா பயந்து ஒதுங்கி நின்னோம்?"

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, வாளைச் சேற்றிலேயே போட்டுவிட்டு, மழைக்கு ஆளுக்கொரு தொப்பியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ராஜாவைப் பாரிஸுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வண்டிக்கு முன்னால் பர்னபேயின் தொப்பிகளும் இறகை ஆட்டிக்கொண்டு போயின.

"ராஜாவும் போயாச்சு, தொப்பியும் போயாச்சு" என்றாள் அன்று ராத்திரி அவன் மனைவி தியோனெத். "இனிமே யாருக்குய்யா வாள் கட்டி விடுவ, பூனைக்கா?"

பர்னபேக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பின்கதவு தட்டப்பட்டது. பட்டுக் கோட்டும் கோணிப்போன பொய்முடியுமாக ஒரு பிரபு நின்றார். வாடகைப் பிரபு இல்லை, அசல்.

"உன் சட்டையைக் கழட்டு."

"ஒட்டுப் போட்டதுங்க தொரை. நாறும்."

"அதுதான் வேணும். மரச்செருப்பு இருக்கா? விடியறதுக்குள்ள எல்லைப் பக்கம் கிளம்பணும். வாடகை என்ன?"

பர்னபேயின் முகம் மலர்ந்தது. பொத்தானில் கை வைத்தான். தியோனெத் குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"வாடகைக்கு இல்லைங்க தொரை, விலைக்குத்தான். நீங்க எங்க திரும்பி வரப்போறீங்க?"