இதயம் வந்தது, மீன் வரவில்லை

இணையக் குழுப் பொறுப்பாளர் வேலை என்பது, யாரோ பூட்டை மாற்றிச் சாவியோடு போன பிறகு வாசலில் நின்று திட்டு வாங்கும் வேலை.

நேற்றுவரை இருந்த பொத்தானைக் காணாமல், காப்பி ஆறும்வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர் நீங்கள் என்றால் மேற்கொண்டு படியுங்கள். நாம் ஒரே கட்சி.

நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் தலை நரைத்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் செயலியின் பெயர் 'கூடம்'. கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மக்கள் அதில் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். ஷிப்டு மாற்றம், ரயில் தாமதம், அறுவடை இயந்திரம், மீன் எல்லாம் அதில் உண்டு. செயலியைச் செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். குறை கேட்கிற நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் அருகே ஒரு மாடி அறையில் இருக்கிறேன். சென்னைக்காரர்கள் எதையாவது மாற்றினால் கூடவே ஒரு குறிப்பு வரும். ஒவ்வொரு முறையும் அதே குறிப்புதான்: 'உங்கள் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது. சில பிழைகள் களையப்பட்டன.' எந்த அனுபவம், எந்தப் பிழை என்பது களைந்தவருக்கே வெளிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி மேம்படுத்தியபோது நடந்தவை இவை.

படுத்த வண்டி

முதலில் படியேறி வந்தவர் எத்திராஜ். ஊத்துக்கோட்டையிலிருந்து கிராமங்களுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போன மாதம் ஆக்சில் உடைந்தபோது 'இன்று வண்டி ஓடாது' என்று கூடத்தில் போட்டிருந்தார். அனுதாபம் தெரிவித்து ஏகப்பட்ட பேர் பதில் எழுதியிருந்தார்கள். புதிய ஏற்பாட்டின்படி, அதிகம் பேர் பதில் எழுதிய பதிவு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தப் பழைய செய்தி அன்றைய செய்தியாகி, அவருடைய சவாரிகள் எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

தேதியைப் பார்க்கமாட்டார்களா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ்ஸு வர்ற நேரத்துல எவன் சார் தேதி பாப்பான்? என் வண்டி ஜம்முனு ஓடுது. உங்க கூடத்துலதான் படுத்துக்கினு கீது."

கட்டைவிரல் கணக்கு

தேவகியின் கதை இவ்வளவு லேசானதல்ல. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் இருக்கிறவர். கணவர் கன்னியப்பன் பிடித்து வருவதைத் தேவகி படமெடுத்து விடியும்போதே கூடத்தில் போடுவார். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. படத்துக்குக் கீழே ஒருவர் கட்டைவிரல் போட்டால் அவருக்கு ஒரு கிலோ என்று பொருள். பேச்சே கிடையாது. விரல்களுக்குத் தக்கபடி மீனை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடுவார். மீதிதான் கரையில் மொத்தமாக வாங்கும் ஏஜெண்டுக்கு. இந்த வழக்கம் வருவதற்கு முன் எல்லாமே ஏஜெண்டுக்குத்தான், அதுவும் அவர் சொன்ன விலைக்கு.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது படத்தின் கீழ் ஒரு கட்டைவிரல்கூட இல்லை. வரிசையாகச் சிவப்பு இதயங்கள். படம் அழகாக இருக்கிறது, மீன் வேண்டாம் என்கிறார்கள் போலும் என்று எண்ணி, பெட்டி மொத்தத்தையும் தேவகி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். மறுநாளும் இதயங்கள்தான். கன்னியப்பன் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"இன்னாடி இது, மீனுக்குப் போட்டானுங்களா, உனக்குப் போட்டானுங்களா?"

மீஞ்சூர் வாசல்

அதே இரண்டு நாளும் மீஞ்சூர் வாசலில் பையோடு நின்றவர்களில் ஒருவர் ஞானசேகரன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டர். வழக்கம்போல் படத்தைத் தொட்டுவிட்டு வந்து நின்றார். தேவகி வரவில்லை. நல்ல மீனையெல்லாம் ஏதோ ஓட்டலுக்குத் தள்ளிவிடுகிறார் என்று குழுவில் ஒருவர் எழுத, இன்னொருவர் ஆமாம் போட்டார். தேவகிக்குக் கோபம் வந்து, 'ரசிச்சது போதும், வாங்கறவங்க இருந்தா சொல்லுங்க' என்று எழுதிவிட்டார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு கிளம்பியது.

வியாழக்கிழமை தேவகி என் அறைக்கு வந்து, கணக்கை மூடிவிடும்படி கேட்டார். "ஏஜெண்டு சிரிக்கறான் சார். 'வந்துட்டியா தேவகி, எனக்குத் தெரியும்'னு சொல்றான்." அவர் குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நாளை மாலைவரை பொறுக்கச் சொல்லி அனுப்பினேன். அவர் படியிறங்கிய சற்று நேரத்தில், ஷிப்டு முடிந்த ஞானசேகரன் அதே குழுவைப் பற்றிப் புகார் சொல்ல ஏறி வந்தார். கைப்பேசியை நீட்டினார். தேவகியின் படத்துக்குக் கீழ் அவர் பெயரும் ஓர் இதயமும். தொட்டுக் காட்டச் சொன்னேன். விரல் பட்ட இடத்தில் இதயம் முளைத்தது. விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபோதுதான் உள்ளே பதுங்கியிருந்த கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

ஞானசேகரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் ஆர்டர்னு நெனச்சில்ல தொட்டேன்! பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறேன், இதயம் போடற வயசா சார் எனக்கு?"

ஐந்து வரி இடம்

சென்னைக்குப் போன் போட்டேன். பிரவீன் என்ற பொறியாளர் எடுத்தார். நல்ல பிள்ளை. "கட்டைவிரலைவிட இதயம் எல்லாருக்கும் புடிக்கும்னு நெனச்சோம் சார்" என்றார். மீஞ்சூரில் கட்டைவிரல் என்றால் ஒரு கிலோ மீன் என்று விளக்கினேன். மாற்றத்தைச் சொல்லத்தானே குறிப்பு போடுகிறோம் என்றார் அவர். அந்தக் குறிப்பில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தேடிப் பார்த்தார். இல்லை.

"அத யாரும் படிக்கறதில்ல சார்" என்றார். பத்திரிகையில் நாங்கள் போடும் திருத்தத்தைத்தான் ஜனங்கள் முதலில் படிப்பார்கள், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கும் என்றேன். பிரவீன் பெருமூச்சு விட்டார்.

"சரி சார், நீங்களே எழுதிக் குடுங்க. ஆனா அஞ்சு வரிக்கு மேல இடம் கெடையாது."

மாறியது, மாறாதது

செய்தி மேசைக்காரனுக்கு ஐந்து வரி தாராளம். எழுதினேன்: 'செவ்வாய் முதல் மாறியது: படத்தைத் தொட்டால் கட்டைவிரல் வராது, இதயம் வரும். கட்டைவிரல் வேண்டுமென்றால் அழுத்திப் பிடியுங்கள். பழைய பதிவும் மேலே வரும், தேதி பாருங்கள். மாறாதது: உங்கள் குழுவும் பெயரும்.'

வெள்ளிக்கிழமை பகலில் அது எல்லாக் குழுக்களிலும் ஏறியது. சனிக்கிழமை விடிந்ததும் நான் தேவகியின் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஒரு கட்டைவிரல், ஞானசேகரனுடையது. அதன் பின்னால் மற்றவை மளமளவென்று வந்தன. ஓட்டல் கதை எழுதியவரும் ஒன்று போட்டிருந்தார்.

இப்போது பிரவீன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தின நாளே குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். எத்திராஜ், வண்டி சரியானதும் பழைய பதிவைத் தானே அழித்துவிடுகிறார். தேவகி அந்த வாரமே என் பாணியைப் பிடித்துக்கொண்டார். கணக்கை மூடச் சொன்னவர், மீன் படத்தோடு தினமும் சொந்தக் குறிப்பு போடுகிறார். முதல் குறிப்பு இது:

"இன்னிக்கு மாறினது: இறா கம்மி, மடவை ஜாஸ்தி. மாறாதது: நானு, மீஞ்சூர் வாசல். இதயம் போடறவங்களுக்கு ஐஸ் மட்டும்."

என் படிக்கட்டில் செருப்புச் சத்தம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. தன்னைத் தேடி ஆள் வராததற்காக நிம்மதிப்படும் ஊழியன் இந்தத் தொழிலில்தான் இருப்பான்.