பிரதி போட்ட மொட்டைப் பெட்டிசம்

டோஹாவில் என் அலுவலகத்தில், தண்ணீர் குடிக்க எழும்புகிறவன்கூடக் கணினித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழும்புவான். நாலு எட்டு நடந்து, ஒரு மிடறு குடித்து, திரும்பி வந்து கடவுச்சொல்லைத் தட்டித் திறப்பான். போன புதிதில் இது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. பக்கத்துக் கதிரையில் இருக்கும் என்னைக் கள்ளன் என்றா நினைக்கிறான்? இலங்கையில், கற்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுச் சந்தைக்குப் போவார்கள். யார் வீட்டில் என்ன மீன், யார் மகளுக்கு எங்கிருந்து கலியாணம் பேசி வந்தார்கள் என்பதெல்லாம் மாலை அஸர் தொழுகைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்றில்லை. மறைத்துப் பலனில்லை என்பது தெரியும், அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்தவன் ஊருக்கு எழுதும்போது வெயிலையும் தனிமையையும் எழுதுவான். நான் பொறாமையை எழுதப்போகிறேன். அதைத்தான் நான் ஊரிலிருந்து கொண்டுபோனேன், அதுதான் அங்கே நன்றாக வளர்ந்தது.

நிப்ராஸ் என் மாமாவின் மகன். என்னைவிட ஒரு மாதம் மூத்தவன். அந்த ஒரு மாதத்தை என்னால் இன்றுவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவன்தான் முதலில் டோஹாவுக்குப் போனான், கம்பெனியின் கணினி வலையமைப்பைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தான், பிறகு களஞ்சியப் பதிவுப் பிரிவில் எனக்கும் ஒரு கதிரை எடுத்துத் தந்தான். இருவரும் ஒரே அறையில் இருந்தோம். உம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தாலும் முதல் கேள்வி, "நிப்ராஸ் சாப்பிட்டானா?" என்பதுதான். அலுவலகத்தில் அவன் என்னை மச்சான், மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டு, ஜோர்தான்காரன் காலித் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டான். எனக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பதை அவனுக்கு எடுத்துச்சொல்ல எனக்கு ஆறு மாதம் எடுத்தது. கேட்டுத் தலையாட்டிவிட்டு, "சரி, மிஸ்டர் மச்சான்" என்றான்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, சோற்றுக்கு ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்த நிப்ராஸ் அகப்பையோடு திரும்பி, தன்னை வலையமைப்புப் பிரிவுக்குத் தலைவனாகப் போடப்போகிறார்கள் என்றான்.

"பெமிலி விசாவும் சேர்ந்து வருமாம் மச்சான். சிபானாவையும் புள்ளயயும் எடுக்கலாம். ஒரு வீடு பாக்கோணும்."

நான் மாஷா அல்லாஹ் என்றேன். வாய் சொன்னது. வயிறு பற்றி எரிந்தது. எனக்குப் பேசிவந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிருந்த நேரம் அது. இவன் மனைவி வருவாள், மகள் அமீரா வருவாள், மாலையில் கடற்கரை வீதியில் மூன்று பேராக நடப்பார்கள். நான் இந்த அறையில் ஒரு முட்டையைப் பொரித்து ஒருவனாகத் தின்பேன். அவன் ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழும்பினேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவன்மீது எரிச்சல் வந்தால் அடிதடிக்குப் போவதில்லை. பெட்டிசம் போடுவோம், அதாவது புகார் மனு. கருவாட்டு வாடி நாறுகிறதா, வேலியை ஒருவன் அரை முழம் தள்ளிவிட்டானா, பெயர் போடாமல் பிரதேச செயலாளருக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போய்விடும். ஏ.எல். பரீட்சை முடித்துச் சும்மா இருந்த காலத்தில் அதை எழுதிக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. ஆங்கிலத்திலும் எழுதுவேன். நான் சொல்லச் சொல்ல, பள்ளிவாசலுக்கு முன்னால் இருந்த தொலைபேசித் தொடர்பகத்தில் உட்கார்ந்து தட்டச்சுச் செய்தவன் நிப்ராஸ்.

அவனைப் பற்றி எழுத என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. கம்பெனியின் வலையமைப்புக் கடவுச்சொல்லை அவன் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கம்பெனிச் சாரதிகளுக்குக் கொடுத்திருந்தான். மதிய இடைவேளையில் அவர்கள் பின்பக்கப் படிக்கட்டின் கீழ் குந்தியிருந்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கதைப்பார்கள். அது விதிக்கு மாறானது. அதே படிக்கட்டின் கீழ் இருந்து நானும் உம்மாவோடு கதைத்தவன்தான்.

காலித்திடம் மெல்லக் கேட்டேன், அலுவலகத்திலிருந்து ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது எப்படி என்று. அவன் கண்ணைச் சிமிட்டி, "அவள் நல்ல அழகா?" என்றான். நான் மறுக்கவில்லை. காதலுக்கு உதவுகிற உற்சாகத்தில் எல்லாம் சொல்லித்தந்தான். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதே. வழியில் போகிறவன் கடிதத்தை வாசிக்க மாட்டான், ஆனால் நீ எந்தத் தளத்துக்குப் போகிறாய் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். கம்பெனிக் கணினி என்றால் பூட்டின் மறுசாவியும் அவர்களிடம் இருக்கலாம். உன் சொந்தக் கைபேசியை எடு, அலுவலக இணைப்பிலிருந்து கழன்று உன் சிம்மின் இணைப்புக்குப் போ, புதுக் கணக்குத் திற, நீளமான கடவுச்சொல் போடு. கோப்பு அனுப்பினால் அதையும் பூட்டி, திறக்கும் சொல்லை வேறு வழியாகச் சொல். கடைசியில் என் தோளைத் தட்டி, "கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டும், மிஸ்டர் மச்சான்" என்றான்.

ஒன்றுவிடாமல் அப்படியே செய்தேன். புதுக் கணக்கில், "தங்கள் மேலான கவனத்திற்கு மிகத் தாழ்மையுடன் கொண்டுவர விரும்புவது" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, நடந்ததையெல்லாம் எழுதி முகாமையாளருக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன். அன்று மதியம் சோறு ருசித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலாம் நாள் நிப்ராஸ் உணவறையில் என் முன்னால் வந்து இருந்து, ஒரு தாளை நீட்டினான். என் மின்னஞ்சலின் அச்சுப்பிரதி. அனுப்பியவனைக் கண்டுபிடிக்கும்படி முகாமையாளர் அதை அவனிடமே கொடுத்திருந்தார்.

"கீழுக்கு வாசி" என்றான்.

கீழே, ஊரில் பெட்டிசம் எழுதிய என் கைப்பழக்கம் தன் பாட்டில் எழுதி வைத்திருந்தது. பிரதிகள்: ஒன்று, பொது முகாமையாளர். இரண்டு, ஆளணிப் பிரிவு. மூன்று, பாதுகாப்புப் பிரிவு. நான்கு, கோவைக்கு, அதாவது எழுதியவன் தன் கோப்பில் வைத்துக்கொள்ள.

"களவா எழுதுறவன் பிரதி போடுவானா மச்சான்? அதுலயும் கோவைக்கு ஒண்டு. யார்ட கோவைக்கு?"

நான் தாளை அவன் பக்கம் தள்ளினேன்.

"கண்டுபிடிக்க ஏலாதெண்டு சொல்லிட்டேன்" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "ஒனக்கு எரிச்சலெண்டா என்ட மூஞ்சிக்கு ஏசியிருக்கலாம். சாரதிமார் என்ன செஞ்சாங்க?"

சாரதிகளுக்கு இணைப்பு நின்றது. நிப்ராஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி வேறொருவனுக்குப் போனது, விசாவும் அதோடு போனது. ஊரில் யாரிடமும் அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறையில் எனக்கும் சேர்த்துத்தான் சமைத்தான். வெட்கப்பட்டேன், உண்மை. ஆனால் வெட்கத்துக்கும் அடியில் பழையது எரிந்துகொண்டே இருந்தது. மன்னிக்கிற இடத்திலும் இவன்தானா முந்த வேண்டும்?

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். லீவில் வருகிறவன் மற்றவன் பார்சலைச் சுமந்து வருவது எங்கள் வழக்கம். நேற்றுப் பின்னேரம் நிப்ராஸ் தந்த பார்சலைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். சிபானா தேத்தண்ணி தந்துவிட்டுக் கதவடியில் நின்றாள். அமீரா அரபியில் பத்துவரை எண்ணிக்காட்டினாள். அங்கே போவதற்கென்று பழக்கியிருந்தார்களாம்.

"கம்பெனியில சட்டம் மாத்திட்டாங்களாம், அதான் விசா இல்லையாம். மெய்யா மச்சான்?" என்றாள் சிபானா.

"ஓம். மாத்திட்டாங்க."

"அப்ப நீங்க ஒரு பெட்டிசம் எழுதித் தாங்களன். ஒங்கட இங்கிலீசுக்கு மசிவாங்க. புள்ள வாப்பாக்கு ஏங்குதெண்டு போடுங்க."

அந்த நேரம் பார்த்து அவன் காணொளி அழைப்பில் வந்தான். அவள் கைபேசியை என் பக்கம் திருப்பி, மச்சான் கம்பெனிக்கு எழுதப் போகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நிப்ராஸ் என்னைப் பார்த்தபடியே அவளுக்குச் சொன்னான்.

"எழுதட்டும். அவன் எழுதினா நடக்கும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவனுக்குப் பின்னால் என் கட்டில் விரிப்புச் சுருக்கமில்லாமல் தெரிந்தது, நான் வந்த பிறகு அவன்தான் விரித்திருக்க வேண்டும். இங்கே அவன் மகள் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு வாப்பாவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அவன் என் கட்டிலடியில், நான் அவன் பிள்ளையடியில். அந்த அறையும் அவன் எடுத்துத் தந்தது, இந்த வீடும் அவனுடையது. மூன்றாவதாக எனக்கென்று ஓரிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போதும் அதற்காக நான் அழவில்லை. அவனைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன்.