சிரிப்புக்காக விட்டுவைத்த வீக்கம்

முதல் மணி அடிப்பதற்குள் பெரம்பலூரிலிருந்து நர்ஸ் செல்வியின் போன் வந்தது. “டீச்சர், நம்ம டாக்டர் போயிட்டாருங்க.” பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரத்தக்குழாய் மருத்துவர் இளங்கோவனின் அறைவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் அவர் குரல் நினைவிருக்கும். முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனால், “முந்தானைய எடுங்க, இங்க யாரும் பொண்ணு பாக்க வரல” என்பார். எனக்கும் அதுதான் முதல் வரவேற்பு.

ஜெயங்கொண்டம் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு. கொட்டை பொறுக்கும் நாட்களில் என் இடது கன்னம் உப்பிவிடும். கொட்டைத் தோலில் கசிந்து சருமத்தைப் பொத்தவைக்கும் முந்திரிப் பால் பட்டுவிட்டது என்று ஊரே தீர்ப்பு சொன்னது. தடவிய தேங்காய் எண்ணெயில் அப்பளமே பொரித்திருக்கலாம். பிறகு வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் கட்டி என்று சொல்லி, அறுக்க நாளும் குறித்தார்கள். பயந்துபோய்த்தான் இவரிடம் வந்தேன்.

“தோப்புல எப்படிப் பொறுக்குவீங்க? செஞ்சு காட்டுங்க” என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அறைத் தரையில் இல்லாத கொட்டைகளைப் பொறுக்கினேன். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் நிமிர்ந்தபோது கன்னம் நீலம் பாரித்து உப்பியிருந்தது. சற்று நேரத்தில் தானே வடிந்தது. “பால் பட்டிருந்தா இப்படி உடனே வடியுமா? இது பொறவியிலயே தளர்ந்துபோன ரத்தக்குழாய்ங்க. குனிஞ்சா ரத்தம் தேங்குது. இதுல கத்தி வச்சா ரத்தத்த நிறுத்துறது கஷ்டம்.” ஸ்கேனும் அதையே சொன்னது.

ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியில் மருந்து செலுத்தி, சில மாதங்களில் அதைச் சுருக்கினார். வாயோரம் மட்டும் சுண்டைக்காய் அளவு மிச்சம். அதையும் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் மசியவில்லை.

“பக்கத்துலயே நரம்பு ஓடுதுங்க. பட்டுச்சுன்னா வாய் கோணிடும். கொஞ்சூண்டு வீக்கம் இருந்துட்டுப் போவட்டும் டீச்சர், சிரிப்பு முக்கியம்.”

கோபத்தில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன்.

இப்போது அவர் காலடியில் மாலை வைக்கக் குனிந்தேன். வாயோரம் லேசாகக் கனத்தது. அவர் மனைவி என் முகத்தையே பார்த்தார். “நீங்கதானே தரையில முந்திரி பொறுக்குன டீச்சர்? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க.”

துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். வாய் கோணவில்லை. அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

டாக்டர் எனக்கென்று விட்டுப்போனது அந்தச் சுண்டைக்காய். இனி அதை எடுக்கச் சொல்லி யாரிடமும் கேட்கமாட்டேன்.