காலிப்பர் வாயில் சந்தனம்

விமானம் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் எதுவும் கெடாத நாளில்தான் பயம் அதிகம். வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

முதல் கையெழுத்து

ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் என்பது விமான இஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிட்டு, பிறகு பறக்கும்போது மின்சாரமும் தரும் சாமான். உள்ளே உரசி உரசித் தேயும் கரித்துண்டுகள் இருக்கும். இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்றி அளக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. குட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் நடுவானில் மின்சாரம் நின்றுபோகலாம்.

முதன்முதலில் நான் கையெழுத்துப் போட்டபோது பேனா ஆடியது. சூப்பர்வைசர் லெட்சுமணன் அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கை நடுங்குனா பரவால்லம்மா. கையெழுத்து நடுங்குனா ஓஃபீஸ்ல திருப்பி அனுப்பிருவான்லா."

ஆயுத பூசை

பட்டறையில் ஆயுத பூசைக்கு எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைப்போம். சாமானை வாயில் கவ்வி அளவு காட்டும் டிஜிட்டல் காலிப்பரின் திரை அழுக்காகக் கூடாதென்று, அதன் அளக்கும் வாயில் சந்தனம் வைத்தேன். எவ்வளவு புத்தி பாருங்கள். மறுநாள் அதே காலிப்பரால் ஒரு விமானத்தின் கரித்துண்டுகளை அளந்தேன். வாயை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அன்று பார்க்கவில்லை. எல்லாம் மயிரிழையில் தேறின. கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை, வேறு வேலைக்காக வாயை மூடினேன். பூஜ்யம் வரவில்லை. இடையில் காய்ந்த சந்தனம். அதன் கனத்தையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறேன். ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்தப் பிளேன்மா?"

கடலுக்கு மேலே

ஒற்றை இஞ்சின் விமானம். பத்து நிமிடத்துக்கு முன்புதான் சுமத்ரா பக்கம் கிளம்பியிருந்தது. அண்ணன் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் போட்டுத் திருப்பச் சொன்னார். நான் வாசலில் நின்று கடலோரத் தங்கா பத்து பக்கத்து வானத்தையே பார்த்தேன். வேலை போனால் போகட்டும், அதை ஓட்டிப்போன மனுஷன் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது.

வந்தார். கழற்றி, துடைத்த காலிப்பரால் அளந்தோம். இரண்டு துண்டுகள் அளவுக்குக் குறைவு. விமானி தேவன் அண்ணன் அருகிலேயே நின்று பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "அடுத்த வருசம் சந்தனத்த என் நெத்தியில வைம்மா. அளக்கிற சாமான்ல வேணாம்."

இப்போதெல்லாம் பூசையன்று அந்தக் காலிப்பரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறேன், சாமியின் அருள் இல்லாமலேயே அது சரியாக அளக்கிறது.