கீழுதட்டில் விழுந்த வெயில்

உதடு வெடித்தால் எங்கள் பக்கம் தொப்புளில்தான் எண்ணெய் வைப்போம். என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்ததும் மாதக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவருடைய கீழுதட்டில் வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு தடிப்பு. ஆறுவதுபோல் இருக்கும், மறுபடி தோலுரியும். விளக்கெண்ணெயை மாற்றித் தேங்காயெண்ணெய், அதையும் மாற்றி நெய் என்று அவர் தொப்புளைக் கொழுக்க வைத்ததுதான் மிச்சம்.

அவருக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. ஹெல்மெட்டோடு பள்ளத்துக்குள் நின்று விசில் ஊதி டிப்பர் லாரிகளுக்கு வழிகாட்ட வேண்டும். ஒதுங்க ஒரு செடி கிடையாது.

பெரம்பலூரில் தோல் டாக்டரம்மா இவர் வேலையைக் கேட்டுவிட்டு உதட்டை மடக்கிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன போட்டீங்க?"

"எண்ணெ வச்சேங்க."

"எங்க?"

நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இவர் மட்டும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இது வெயில் பண்ண வேலம்மா. ஹெல்மெட் மேலேருந்து வர்ற வெயிலத்தான் மறைக்கும். வெள்ளக் கல்லுல பட்டுக் கீழேருந்து அடிக்குதே, அது நேரா கீழ் உதட்டுலதான் விழும்."

துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்று இல்லை. ஆனால் இப்படியே விட்டால் அதில் போய் முடியலாம் என்றார். மருந்தோடு, வெயிலைத் தடுக்கும் லிப் பாம் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். காலையில் பூசினால் போதாது, சாப்பிட்ட பிறகும் வேலைக்கு நடுவிலும் பூச வேண்டும். உதட்டை நக்கக் கூடாது.

அந்த லிப் பாமைப் பார்த்துத்தான் இவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு விசில் ஊதச் சொல்றியா? டிரைவருங்க சிரிச்சே சாவானுவ."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தினமும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நானே பிடித்து நிறுத்திப் பூசிவிடுவேன். பச்சைப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் காட்டுவார். சாயங்காலம் பார்த்தால் காய்ந்து கிடக்கும். மத்தியானம் பூசியிருக்கவே மாட்டார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"எனக்கு நீங்க வேணுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் லிப் பாமை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த தடவை போனபோது, தடிப்பு மெலிந்திருக்கிறது, விடாமல் பூசுங்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் அடித்தது. அவரை இந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்தேன். அவ்வளவு கூட்டத்திலும் கூச்சப்படாமல் பையைத் திறந்து தானே பூசிக்கொண்டார். பிறகு என் முகவாயைத் திருப்பி, விரலில் மிச்சமிருந்ததை என் கீழுதட்டில் தடவினார். பருத்தி எடுக்கப் போய்ப் போய் என் உதடும் வெடித்துத்தான் கிடந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"பருத்திக் காட்டுல உனக்கு மட்டும் நெழலா அடிக்குது?" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் நீ வேணும்ல."

கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பூசியது அழிந்துவிடுமே.